ஓட்டத்துக்கு ஒரு குட்டி எம்பி3 பிளேயர்: காரைக்குடிப் பக்கத்துப் புது ஓட்டக்காரர்களுக்கு

"போன்லயே பாட்டு இருக்கே, தனியா ஒண்ணு எதுக்குண்ணே?" காரைக்குடியில் எந்தக் கடையில் எம்பி3 பிளேயர் கேட்டாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நடைக்குப் போன் போதும், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊருணிக்கரையைச் சுற்றி வந்துவிடலாம். சிக்கல் ஓட ஆரம்பித்த பிறகுதான். இன்றைய போன்கள் ஏறக்குறைய 200 கிராம் கனம். கால்சட்டைப் பையில் போட்டால் ஒவ்வோர் எட்டுக்கும் தொடையில் இடிக்கும். கைப்பட்டையில் கட்டினால், நம் ஊர் வியர்வைக்குக் கொஞ்ச நேரத்திலேயே பட்டை முழங்கைக்கு இறங்கிவிடும். தொடுதிரை ஈர விரலுக்கு மசியாது. பாட்டை மாற்றலாம் என்று நின்று, துடைத்து, திறந்தால் வாட்ஸ்அப்பில் நாலு செய்தி காத்துக்கிடக்கும். அன்றைய ஓட்டம் அதோடு சரி.

ஆப்பிள் விற்ற ஐபாட் ஷஃபிளின் கடைசி வடிவம் 12.5 கிராம்தான். காலரில் மாட்டினால் மாட்டியதே தெரியாது. 2017இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் ஓடுகிறவருக்கு எப்படிப்பட்ட பெட்டி வேண்டும் என்பதற்கு இன்றும் அதுதான் அளவுகோல்: பொத்தான், கிளிப், கனமின்மை. நீங்கள் எதை வாங்கப் போனாலும் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டே, பார்க்காமல், ஈரக் கையால் இதை இயக்க முடியுமா? முடியாது என்றால் ஒலித்தரம் எவ்வளவு உசத்தி என்றாலும் அந்தப் பெட்டி ஓட்டத்துக்கு ஆகாது.

முதலில் பாதையைப் பாருங்கள்

பெட்டியைப் பற்றி யோசிப்பதற்கு முன் எங்கே ஓடப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். காதில் எதை மாட்டலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கும். மைதானத்தில் சுற்றுகிறவர் எதை மாட்டினாலும் பெரிய ஆபத்தில்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடிப் பக்கம் இருப்பவர்களுக்குச் செட்டிநாட்டுத் தெருக்களே நல்ல ஓடுபாதை. நூல் பிடித்தாற்போல் நீளமான தெரு, இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரியும், விடியற்காலையில் வண்டியும் குறைவு. ஆனால் இரண்டு பக்கமும் உயரமான மதில், நடுவில் திடீரென்று ஒரு குறுக்குச் சந்து. அந்தச் சந்திலிருந்து பால்காரர் வண்டி வரும், நாய் வரும். இப்போது மின்சார ஸ்கூட்டர் வேறு, சத்தமே இல்லாமல் வந்து நிற்கிறது. இங்கெல்லாம் காதை முழுக்க அடைத்துக்கொண்டு ஓடக்கூடாது.

காரைக்குடியிலிருந்து திருச்சிப் பக்கமும் தேவகோட்டைப் பக்கமும் போகும் பெரிய சாலைகளில் என் அபிப்பிராயம் கறார்: பாட்டே வேண்டாம். பிளேயரை அணைத்துப் பையில் போடுங்கள். வேறு வழியில்லாமல் சாலையோரம் ஓடினால் வலது ஓரத்தில், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடுங்கள். அப்போது சாலை உங்கள் இடதுகைப் பக்கம் இருக்கும். ஆகவே ஒற்றைக் காதில் மாட்டுகிறவர்கள் வலது காதில் மாட்டி, இடது காதைச் சாலைக்குத் திறந்து விட வேண்டும். பலர் பழக்கத்தில் மாற்றி மாட்டிக்கொள்கிறார்கள்.

(மார்கழியில் இந்தக் கவலையே இல்லை. விடியற்காலை ஓடுகிறவர்களுக்குக் கோயில் ஒலிபெருக்கியே தெருவுக்குத் தெரு பாடிவிடும். பிளேயருக்கு ஒரு மாதம் விடுமுறை கொடுத்துவிடலாம்.)

காதுக்கு எது

பெரும்பாலோர் பெட்டியை முதலில் வாங்கிவிட்டு, அதோடு இலவசமாக வரும் இயர்போனை மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். வரிசை தலைகீழ். காதுக்கு எது சரி என்று முதலில் தெரிந்தால்தான் பெட்டியில் ஒயர் குத்தும் துளை வேண்டுமா, புளூடூத் வேண்டுமா என்பது தெரியும்.

ஒயர் இயர்போன் மலிவு, சார்ஜ் போட வேண்டாம், தொலைந்தாலும் வயிறு எரியாது. எஃப்எம் கேட்கவும் அது வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான குட்டிப் பெட்டிகளில் அந்த ஒயர்தான் ஆண்டெனா. கோடைப் பண்பலை 100.5 கேட்டுக்கொண்டே ஓட நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும். குறை, ஒயர் சட்டையில் உரசும்போது காதுக்குள் தட்தட் என்று கேட்கும். மருந்து சுலபம்: ஒயரைச் சட்டைக்கு உள்ளே விட்டு, கழுத்துப் பக்கம் ஒரு சிறு கிளிப்பால் பிடித்து, அதற்கு மேலே தலையைத் திருப்புமளவு மட்டும் தொய்வு விடுங்கள். ரப்பர் மொக்கு வைத்து அடைக்கும் இயர்போனில் காலடிச் சத்தமும் மூச்சுச் சத்தமும் உள்ளேயே முழங்கும். காதின் வாயில் சும்மா உட்காரும் பழைய மாதிரியே தெருவில் ஓட நல்லது.

புளூடூத்தில் ஒயர்த் தொல்லை இல்லை. ஆனால் புளூடூத் அலை உடம்பைத் துளைத்துப் போகத் திணறும், ஏனென்றால் நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். வீட்டுக்குள் சுவரில் பட்டுத் திரும்பி எப்படியோ வந்து சேர்ந்துவிடும். பொட்டலில் ஓடும்போது திரும்பி வரச் சுவர் ஏது? அதனால்தான் வீட்டில் ஒழுங்காகப் பாடியது மைதானத்தில் விட்டுவிட்டுப் பாடும். பெட்டியை இடுப்பில் மாட்டாமல் காலரில் அல்லது தோள்பக்கம் மாட்டுங்கள். பெட்டியோடு இணைப்பது ஒரு பக்கத்து இயர்பட் மட்டும் என்றால், பெட்டியும் அந்தப் பக்கமே இருக்கட்டும்.

மூன்றாவது, காதை அடைக்காமல் கன்னத்து எலும்பில் உட்கார்ந்து அதிர்வாக ஒலியைக் கடத்தும் ஹெட்போன். காது திறந்தே இருப்பதால் தெருவில் ஓடுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பேன். தவில், டிரம்ஸ் மாதிரி அடிச்சத்தம் கொஞ்சம் சோகையாகக் கேட்கும், விலையும் அதிகம். ஷாக்ஸ் நிறுவனத்தின் ஓப்பன்ஸ்விம் இதே வகை. 4 ஜிபி நினைவகம் அதற்குள்ளேயே இருக்கிறது, தனிப் பெட்டியே வேண்டாம். நீந்துகிறவர்களுக்காகச் செய்தது என்பதால் வியர்வை அதை ஒன்றும் செய்யாது.

ஒலி அளவைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். பக்கத்தில் ஓடுகிறவர் சாதாரணக் குரலில் பேசினால் உங்களுக்குக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் குறையுங்கள்.

பெட்டி வகைகள்

காரைக்குடியில் மொபைல் கடைகளில் கேட்டால் பாதிப் பேர் "இப்ப யாருண்ணே அதெல்லாம் கேக்குறா" என்று சொல்லிவிட்டு, இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு தீப்பெட்டி அளவுக் கிளிப் பிளேயரை எடுத்துப் போடுவார்கள். இருநூறு முன்னூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமாச்சாரம். திரை கிடையாது, சொந்த நினைவகம் கிடையாது, மெமரி கார்டு நாம்தான் போட வேண்டும். சார்ஜ் இரண்டு மூன்று மணி நேரம் நின்றால் உண்டு. இதை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். ஓட்டம் நமக்கு ஒத்துவருமா என்றே தெரியாத முதல் மாதத்துக்கு இது போதும். ஓட்டம் நின்றுபோனால் நஷ்டம் இரண்டு பிரியாணி.

இதற்கு அடுத்த படி சான்டிஸ்க் கிளிப் வரிசை போன்றவை. சின்னத் திரை, நல்ல கிளிப், எஃப்எம், ஒரு சார்ஜில் பதினெட்டு இருபது மணி நேரம் என்று நிறுவனமே சொல்கிறது. கிளிப் ஜாமில் கார்டு போடலாம். கிளிப் ஸ்போர்ட் பிளஸில் கார்டு போட முடியாது, ஆனால் புளூடூத்தும் நீர்த் தடுப்பும் உண்டு. தொடர்ந்து ஓடப்போகிறோம் என்று உறுதியாகத் தெரிந்தால் என் தேர்வு இந்த வகைதான். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்களுக்கும் இது தோது. வழியில் சார்ஜ் போட இடம் தேட வேண்டியதில்லை.

காதிலேயே பெட்டியும் சேர்ந்திருக்கும் சோனி டபிள்யூஎஸ் வரிசை கிடைத்தால் அதுவும் நல்லது. டபிள்யூஎஸ்413 என்ற மாடலில் 4 ஜிபி, முழு சார்ஜுக்கு 12 மணி நேரம். மறந்துவிட்டால் 3 நிமிடம் சார்ஜ் போட்டால் ஒரு மணி நேரம் பாடும். ஷூ லேஸ் கட்டுகிற நேரம்தான். வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதியும் அதில் உண்டு.

பழைய ஐபாட் ஷஃபிள் "சீல் பிரிக்காதது" என்று இணையத்தில் விற்பார்கள். ஆசைப்படாதீர்கள். பிரிக்காத பெட்டிக்குள்ளும் பேட்டரிக்கு வயசாகும். மாற்றுவதும் லேசான வேலையில்லை. பாட்டு ஏற்றக் கம்ப்யூட்டரில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருள் வேறு வேண்டும். பாட்டுச் சேமிக்கும் ஸ்மார்ட் வாட்ச் ஏற்கனவே கையில் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

கடையில் செய்ய வேண்டியது

கையில் வாங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு பாட்டை நிறுத்துங்கள், அடுத்ததற்குப் போங்கள், ஒலியைக் கூட்டுங்கள். பல மலிவுப் பெட்டிகளில் ஒலிக்கும் அடுத்த பாட்டுக்கும் ஒரே பொத்தான்தான். லேசாக அமுக்கினால் அடுத்த பாட்டு, அமுக்கிப் பிடித்தால் ஒலி கூடும். உட்கார்ந்த இடத்தில் இது பெரிய விஷயமில்லை. ஓடும்போது கை ஆடுகிற ஆட்டத்தில் ஒலியைக் குறைக்கப் போய்ப் பாட்டு மாறும். பாட்டை மாற்றப் போய்க் காது அதிரும். இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான் இருப்பதையே வாங்குங்கள்.

அடுத்து கிளிப். சட்டைக் காலரில் மாட்டி இரண்டு குதி குதியுங்கள். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். பிளாஸ்டிக் கிளிப்பின் பல் மழுங்கலாக இருந்தால் பனியன் துணியில் நிற்காது.

பிறகு பாட்டின் நடுவில் அணைத்து மறுபடி போடுங்கள். விட்ட இடத்திலிருந்து பாடுகிறதா, முதல் பாட்டுக்கே போய்விடுகிறதா? வெறும் பாட்டுக் கேட்பவருக்கு இது ஒரு பொருட்டில்லை. காரைக்குடிக் கம்பன் விழா மேடைப் பேச்சுகள், பட்டிமன்றங்கள் மாதிரி ஒன்றரை மணி நேரப் பேச்சு கேட்டுக்கொண்டு மெதுவாக ஓடுகிறவருக்கு இதுதான் உயிர்நாடி. விட்ட இடம் தெரியாத பெட்டியில் விருத்தத்தின் முதல் அடியையே தினமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மெமரி கார்டு வாங்கினால் 32 ஜிபிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேற்பட்ட கார்டுகள் வேறு முறையில் வடிவமைக்கப்பட்டு வரும், பழைய, மலிவான பெட்டிகள் அவற்றைப் படிக்காது. போலிக் கார்டும் நிறைய. மேலே 64 என்று அச்சிட்டிருக்கும், உள்ளே 8 இருக்கும். கொஞ்சம் பாட்டு ஏற்றும்வரை தெரியாது, நிரம்பியதும் முன்னால் ஏற்றியது அழியும். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பாட்டு ஏற்றுங்கள்.

பாட்டு ஏற்றுவது

புதியவர்கள் அதிகம் முட்டிக்கொள்வது இங்கேதான்.

ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன் செயலிகளில் 'டவுன்லோடு' செய்த பாட்டை இந்தப் பெட்டிகளுக்கு மாற்ற முடியாது. அவை பூட்டிய கோப்புகள், அந்தச் செயலிக்குள் மட்டுமே பாடும். உங்களிடம் கோப்பாகவே பாட்டு இருக்க வேண்டும். வீட்டு அலமாரியில் கிடக்கும் ஆடியோ சிடியிலிருந்து எடுக்கலாம், அல்லது ஐடியூன்ஸ் ஸ்டோர் மாதிரிக் கடையில் காசு கொடுத்து வாங்கலாம். அங்கே வாங்கியது எம்4ஏ வடிவில் வரும். மலிவுப் பெட்டிக்கு எம்பி3 மட்டுமே தெரியும் என்பதால் விஎல்சி என்ற இலவச மென்பொருளில் மாற்றிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சித்தப்பா அனுப்பிய குரல் பதிவு ஓபஸ் வடிவில் இருக்கும், அதையும் மாற்றினால்தான் பாடும்.

இடம் எவ்வளவு வேண்டும்? 128 கேபிபிஎஸ் (நொடிக்கு எவ்வளவு தரவு என்ற அளவு, கூடினால் தரமும் கூடும்) எம்பி3 என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பார்க்கும் கிராமபோன் தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் பாடும். வெறும் 4 ஜிபியில் அறுபது மணி நேரத்துக்கு மேல் பாட்டு அடங்கும். ஓடுகிற காதுக்கு 320 கேபிபிஎஸ்ஸும், தரம் குறையாமல் சேமிக்கும் ஃபிளாக் கோப்பும் வீண். மூச்சிரைப்பிலும் காற்றிலும் அந்த நுணுக்கம் காணாமல் போய்விடும்.

ஒற்றைக் காதில் கேட்பவர்கள் ஒரு வேலை கூடுதலாகச் செய்ய வேண்டும். ஸ்டீரியோ பதிவில் ஒரு பக்கம் வயலின் வரும், மறு பக்கம் கிட்டார் வரும். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் இந்தப் பிரிப்பு நிறைய. ஒரு காதை எடுத்துவிட்டால் பாட்டில் பாதி காணாது. பல்லவி முடிந்து இடையிசை வரும்போது 'இங்கே ஒன்று வருமே' என்று காது தேடும். அடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து, இரண்டு தடங்களையும் மோனோவாக, அதாவது ஒரே தடமாகக் கலந்து சேமியுங்கள். 64 கேபிபிஎஸ்ஸே போதும், இடமும் பாதியாகும்.

பழைய பாட்டும் புதுப் பாட்டும் கலந்து போட்டால் ஒலி அளவு ஏறி இறங்கும். பழையது மெதுவாகப் பாடுகிறது என்று கூட்டி வைத்திருப்பீர்கள், அடுத்து வரும் புதுப் பாட்டு காதில் அறையும். எம்பி3கெயின் என்ற மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். பாட்டு ஏற்றும் முன் ஒரு முறை ஓட்டிவிடுங்கள்.

திரை உள்ள மலிவுப் பெட்டிகளில் தமிழ் எழுத்து பெரும்பாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள். திரையில்லாத பெட்டிகள் பலவும் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, எந்த வரிசையில் நகலெடுத்தோமோ அந்த வரிசையில் பாடும். வரிசை முக்கியம் என்றால் கார்டைக் காலி செய்துவிட்டு ஒவ்வொன்றாக நகலெடுங்கள். வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரில் 'எஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்கினால் கார்டு கெடும்.

என்ன பாட்டு என்பது அவரவர் பாடு. ஆனால் புதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் பத்து நிமிடத்துக்குக் குத்துப்பாட்டு வைக்காதீர்கள். கால் பாட்டோடு ஓடும், மூச்சு பின்தங்கும், இரண்டாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிடுவீர்கள். நிமிடத்துக்கு 80, 85 தாளத் தட்டு உள்ள நிதானமான பாட்டே போதும், ஒரு தட்டுக்கு இரண்டு எட்டு என்று கால் தானாகப் பொருந்தும். வேகமானவற்றைக் கடைசிக்கு வையுங்கள். கர்நாடக இசைப் பிரியர்களுக்கு: பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பிறந்த மண்ணில் இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும், ஆலாபனைக்கு ஓட முடியாது. தில்லானாவுக்கு ஓடலாம். மிருதங்க வித்வான் காரைக்குடி மணியின் தனி ஆவர்த்தனம் போட்டுக்கொண்டு ஓடினால் உற்சாகம் பிடுங்கிக்கொண்டு போகும். கோர்வை வரும் இடத்தில் மட்டும் கால் கணக்குத் தப்பும்.

வியர்வை, வெயில், சார்ஜ்

பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால் எந்தப் பக்கமிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். 5 என்றால் பீய்ச்சும் தண்ணீரை, 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். இவையெல்லாம் நல்ல தண்ணீரில் செய்த சோதனை, வியர்வையோ உப்பு. ஓடி வந்ததும் ஈரத் துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். சார்ஜ் துளை ஈரமாக இருக்கும்போது ஒயரைச் செருகினால் உள்ளே உள்ள பித்தளை நிற முனைகள் பச்சை பூக்கும். குளித்துவிட்டு வந்து செருகினால் போதும். நீர்த் தடுப்பே இல்லாத மலிவுப் பெட்டியை ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜிப் வைத்த சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மாட்டுங்கள். பொத்தானை உறைக்கு மேலேயே அமுக்கலாம்.

மழையைவிட நம் ஊரில் பேட்டரிக்கு எமன் சூடுதான். ஓடி முடித்து வண்டியின் முன்பையில் போட்டுவிட்டு, வண்டியைச் சித்திரை வெயிலில் நிறுத்தினால் லித்தியம் பேட்டரியின் ஆயுள் அன்றன்றைக்குக் கரையும். மின்வேதியியல் ஆராய்ச்சிக்கென்றே 1953 முதல் ஒரு நிறுவனம் இயங்கிவரும் ஊர்க்காரர்கள் நாம், இதையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் ஓடப்போவதில்லை என்றால் அடிமட்டம் காலியாகவும் விடாதீர்கள், முழுக்க நிரப்பியும் வைக்காதீர்கள். பாதி சார்ஜில் அணைத்து, வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று, பலர் "பெட்டி செத்துப்போச்சு" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது இதனால்தான். டைப்-சி துளை உள்ள மலிவுப் பெட்டிகள் பல, இரண்டு முனையும் டைப்-சியாக இருக்கும் புதுப் போன் ஒயரில் சார்ஜ் ஏறாது. அந்தத் துளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய ஒரு சில்லறைப் பாகத்தை மிச்சம் பிடித்திருப்பார்கள், சார்ஜருக்கு எதிரில் பெட்டி இருப்பதே தெரியாது. ஒரு முனை பழைய அகலமான யுஎஸ்பியாக இருக்கும் ஒயரைச் சாதாரண சார்ஜரில் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் சிவப்பு விளக்கு எரிந்துவிடும்.